தொழிற்பேட்டைச் சங்கத் தேர்தலில் முறைகேடு: யாரிடம், எப்படி முறையிடுவது?

பெண்ணையாற்றங்கரை (கடலூர்) கேட்கிறார்:

கடலூரை ஒட்டிய தொழிற்பேட்டை ஒன்றில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்தி வருகிறேன். அப்பா தொடங்கிய நிறுவனம். அவருக்கு உடம்பு முடியாமல் போன பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். பண்ருட்டி முந்திரி ஏற்றுமதியாளர்கள்தான் எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள்.

எங்கள் பேட்டையில் உற்பத்தியாளர் சங்கம் இருக்கிறது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. அதன் முதல் உறுப்பினர்களில் அப்பாவும் ஒருவர். சங்கக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. அந்தச் சங்கத்தைப் பற்றித்தான் இந்தக் கேள்வி.

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் பல ஆண்டுகளாக மாறவே இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை தேர்தல் என்று பைலா, அதாவது சங்கத்தின் விதித்தொகுப்பு, சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப் குழுவில் மாலை போட்ட புகைப்படத்துடன் "போட்டியின்றித் தேர்வு" என்ற செய்திதான் வருகிறது. தேர்தல் அறிவிப்பை யாரும் பார்த்ததில்லை. வாக்காளர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டதில்லை. சங்கக் கணக்கைத் தணிக்கை செய்கிறவரே தேர்தல் அலுவலராகவும் இருக்கிறார்.

இந்த முறை பொருளாளர் பதவிக்கு நான் வேட்பு மனு கொடுத்தேன். சந்தா பாக்கி இருப்பதால் மனு தள்ளுபடி என்று தொலைபேசியில் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. உண்மை என்னவென்றால், ஏப்ரல் மாதமே சந்தாக் காசோலையோடு சங்க அலுவலகத்துக்குப் போனேன். "செயலாளர் சொன்னால்தான் ரசீது போடுவேன், அவர் வந்ததும் கொடுங்கள்" என்று உதவியாளர் திருப்பி அனுப்பினார். அந்தப் பெண் மீது எனக்கு வருத்தம் இல்லை, சொன்னதைச் செய்கிறவர். என்னைப் போலவே இன்னும் சிலரிடமும் சந்தா வாங்காமல் தட்டிக் கழித்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பொதுக்குழுவில் கேள்வி கேட்டவர்கள். அதே நேரத்தில் ஒரே ஷெட்டில், ஒரே மின் இணைப்பில் இயங்கும் ஒரு குடும்பத்தின் பெயரில் ஐந்து நிறுவனங்கள் உறுப்பினராக இருக்கின்றன. ஐந்துக்கும் ஐந்து வாக்கு.

பதவி ஆசையில் இதைக் கேட்கவில்லை. 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தபோது நிலைக்கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் சிறு தொழில்களின் கழுத்தை நெரித்தன. மாநிலம் முழுவதும் சங்கங்கள் கூட்டம் போட்டன, மனு கொடுத்தன, அடுத்த ஆண்டு கதவடைப்புப் போராட்டமும் நடந்தது. எங்கள் சங்கத்திலிருந்து ஒரு கடிதம்கூடப் போகவில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. என் கிடங்கில் நிறுத்தி வைத்திருந்த கிராஃப்ட் காகித உருளைகள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து, ஒன்றை ஒன்று நெருக்கிச் சுவரில் விரிசல் விட வைத்தன. ஒரு உருளையைக்கூட மீட்க முடியவில்லை. அதற்குப் பிறகு "வடிகால் நிதி" என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் பத்தாயிரம் ரூபாய் வசூலித்தார்கள். வடிகால் இன்றும் அப்படியே அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அந்தப் பணத்துக்குக் கணக்கு கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

மூன்று ஆண்டுப் பதவிக் காலத்தை ஐந்தாக மாற்றிப் பைலாவைத் திருத்திவிட்டோம் என்றும் இப்போது சொல்கிறார்கள். அப்பா பெயரில் இருந்த உறுப்பினர் உரிமை எனக்கு வராது என்று புதிதாக ஒரு வாதமும் கிளம்பியிருக்கிறது. உறுப்பினர் என்பது நிறுவனம்தான், பிரதிநிதி மாற்றக் கடிதத்தை 2019இலேயே கொடுத்து முத்திரையுடன் நகல் வாங்கி வைத்திருக்கிறேன்.

தனியாக இன்னொரு சங்கம் தொடங்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. இருக்கிற சங்கத்தைச் சரிசெய்ய வேண்டும். யாரிடம் போவது, எதை முதலில் செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லேத் பட்டறை, நெல்லிக்குப்பம் சாலை:

அக்கா, தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். சங்கப் பதிவெல்லாம் அவர்களிடம்தான். கூடவே திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் மனு கொடுங்கள். பத்துப் பேராகச் சேர்ந்து போனால் மதிப்பு இருக்கும்.

பழைய பதிவறை (பதிவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):

தம்பி சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். தொழிற்சங்கம் வேறு, தொழில்முனைவோர் சங்கம் வேறு. தொழிலாளர்கள் சேர்ந்து அமைக்கும் தொழிற்சங்கத்தின் பதிவுதான் தொழிலாளர் துறையிடம் போகும். இந்த அம்மாவின் சங்கம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவானது, ஆகவே பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளர்தான் அதிகாரி. பத்திரம் பதிகிற துறையேதான், அதற்குள் சங்கங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

அம்மா, நீங்கள் புகார் எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சங்கம் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்த ஆவணங்களுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். பதிவான பைலா, அதன் திருத்தங்கள், உறுப்பினர் பட்டியல், ஆண்டுக் கணக்கு, நிர்வாகிகள் மாறும்போது கொடுக்கும் படிவம் 7, இவை எல்லாம் அங்கே இருக்க வேண்டும். சங்க அலுவலகத்தில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. அவர்களே கையெழுத்துப் போட்டு அரசு அலுவலகத்தில் கொடுத்த தாளை அவர்களால் பிறகு மறுக்க முடியாது. நான் பணியில் இருந்த காலத்தில் பார்த்தவரையில், பாதிச் சண்டை அந்தக் கோப்பைத் திறந்ததும் தெளிந்துவிடும்.

பதவிக் காலம் ஐந்து ஆண்டு என்கிற பேச்சுக்கு இடமே இல்லை. செயற்குழு உறுப்பினர் பதவி மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டத்தின் 15ஆம் பிரிவே சொல்கிறது. பைலா சட்டத்தைத் தாண்ட முடியாது. மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். மேலும், பைலா திருத்தத்தைப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றிப் பதிவாளரிடம் பதிவு செய்தால்தான் அது செல்லும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதாது.

அடுத்து 36ஆம் பிரிவு. சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை ஆகியவற்றைப் பற்றிப் பதிவாளர் விசாரணை நடத்தலாம். தாமாகவே நடத்தலாம். செயற்குழுவில் பெரும்பான்மையோர் கேட்டால் நடத்தலாம். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் நடத்தலாம். மாவட்ட ஆட்சியர் கேட்டுக்கொண்டாலும் நடத்தலாம். ஆகவே திங்கள்கிழமை மனு என்று தம்பி சொன்னது வீண் வேலை இல்லை. ஆனால் "நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதாமல், 36ஆம் பிரிவின்படி விசாரணைக்குப் பதிவாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

சந்தா விஷயம் மிகப் பழைய தந்திரம். இனி நேரில் கொண்டுபோகாதீர்கள். காசோலையுடன் உறைக்கடிதம் வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். சங்கத்தின் வங்கிக் கணக்கு எண் தெரிந்தால் நேராகவே செலுத்திவிடுங்கள். திருப்பி அனுப்பினால் அதுவும் உங்களுக்குச் சாட்சிதான். ஏப்ரலில் மறுக்கப்பட்ட மற்றவர்களும் இதையே செய்யட்டும்.

வடலூர் வார்ப்படம்:

எல்லாரும் ஒரு பக்கமே பேசுவதால் எழுதுகிறேன். நான் வேறொரு சங்கத்தில் செயலாளராக இருந்தவன். நிர்வாகிகள் மாறாததற்கு அவர்களே காரணம் என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. பொதுக்குழுவுக்கு அழைத்தால், கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்கூட வரமாட்டார்கள். மின்வாரிய அலுவலகத்துக்கும் வரி அலுவலகத்துக்கும் அலைவதற்குச் சொந்த வண்டியில், சொந்தப் பெட்ரோலில் போய்வருகிறவர் ஒருவர் இருவர்தான். இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் சகோதரி சொல்லும் மூன்று விஷயங்களுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. சந்தா வாங்க மறுப்பது, தணிக்கையாளரே தேர்தல் நடத்துவது, வசூலித்த நிதிக்குக் கணக்குக் காட்டாதது. ஆளே வரவில்லை என்றால் வருகிற ஒருவரைத் தடுக்க வேண்டிய தேவை என்ன? நாங்கள் தேர்தல் நடத்தியபோது பேட்டைக்குத் தொடர்பில்லாத ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைத் தேர்தல் அலுவலராக வைத்தோம். வாக்காளர் பட்டியலை முன்கூட்டியே ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, திருத்திய பிறகே வேட்பு மனு வாங்கினோம். பெரிய செலவு எதுவும் ஆகவில்லை.

ஒரே குடும்பத்தின் ஐந்து நிறுவனங்கள் பற்றி: தனித்தனி ஜிஎஸ்டி எண், தனித்தனி உற்பத்தி இருந்தால் அவை தனி உறுப்பினர்கள்தான், அதை முறைகேடு என்று சொல்ல முடியாது. உங்கள் பைலாவில் "உற்பத்தி நடைபெறும் நிறுவனம்" என்று இருக்கிறதா பாருங்கள். பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறவர்களுக்கு அங்கேதான் தடை.

மேட்டுப்பாளையம் பிளாஸ்டிக் (புதுச்சேரி):

எங்கள் பக்கம் சட்டமே வேறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் 1860ஆம் ஆண்டின் மத்தியச் சங்கங்கள் பதிவுச் சட்டம்தான் நடப்பில் இருக்கிறது. கன்னியக்கோவிலுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இன்னொரு சட்டம். அதனால் பதிவாளர் அதிகாரம் பற்றி ஐயா சொன்னவை எங்களுக்குப் பொருந்தாது. இங்கே யாராவது இதைப் படித்துவிட்டு 36ஆம் பிரிவு என்று மனு எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் எழுத வந்தது தனிச் சங்கம் பற்றி. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள் அக்கா. நான் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்தில் தேர்தல் தகராறு வந்து, இரண்டு தரப்பும் தாங்களே நிர்வாகிகள் என்று கடிதத்தாள் அச்சடித்துக்கொண்டன. வங்கி இரண்டு தரப்பின் கையெழுத்தையும் ஏற்காமல் கணக்கை நிறுத்தி வைத்தது. காவலாளிக்கும் தெருவிளக்குக்கும் பணம் கொடுக்க ஆள் இல்லை. அதிகாரிகளுடன் கூட்டம் என்றால் இரண்டு தரப்பையும் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள். சாலை போடும் கோரிக்கை எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. உள்ளே இருந்துகொண்டு திருத்துவது நீண்ட வேலைதான். ஆனாலும் அதுதான் சரி.

பெண்ணையாற்றங்கரை (கடலூர்):

பழைய பதிவறை ஐயாவுக்கு மிகுந்த நன்றி. சான்றிட்ட நகல்கள் வந்துவிட்டன. படித்தபோது கை நடுங்கியது, கோபத்தில்தான்.

பைலா திருத்தம் எதுவும் பதிவாகவில்லை. பதவிக் காலம் மூன்று ஆண்டு என்றே இருக்கிறது.

உறுப்பினர் பட்டியலில் 118 பெயர்கள். அதில் எங்கள் நிறுவனமும் இருக்கிறது. பிரதிநிதி பெயருக்கு நேரே என் பெயர், சந்தா நிலுவை என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருக்கிறது! என்னிடம் பாக்கி என்று சொல்லி மனுவைத் தள்ளியவர்கள், பதிவாளரிடம் பாக்கி இல்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்து தெரியக்கூடாது என்பதற்காக எல்லாரையும் அப்படியே சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். உரிமை எனக்கு வராது என்ற வாதமும் இதோடு முடிந்தது. உற்பத்தியை நிறுத்திப் பூட்டிக் கிடக்கும் ஷெட்டுகளின் பெயர்களும் பட்டியலில் இருக்கின்றன.

இன்னொன்று. கணக்குகளுக்கு ஒப்புதல் தந்ததாகச் சொல்லும் பொதுக்குழுத் தீர்மான நகலும் கோப்பில் இருந்தது. கூட்டம் 2024 டிசம்பர் 3ஆம் தேதி காலை 11 மணிக்குச் சங்கக் கட்டட மாடியில் நடந்ததாம். 61 பேர் வந்தார்களாம். சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டது டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில். 3ஆம் தேதி எங்கள் பேட்டைக்குள் வண்டி எதுவும் நுழைய முடியவில்லை. மின்சாரம் இல்லை. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு காகித உருளைகளைப் படம் எடுத்தேன். அந்தப் படத்தின் பின்பக்கம் சங்கக் கட்டடத்தின் இரும்புக் கதவு பூட்டியபடி தெரிகிறது. வருகைப் பட்டியலில் எனக்கும் ஒரு கையெழுத்து போட்டிருக்கிறார்கள். நான் தமிழில் கையெழுத்திடுகிறவள். அங்கே ஆங்கிலத்தில் இருக்கிறது.

விண்ணப்பத்தில் இதுவரை 31 நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. சிலர் பயப்படுகிறார்கள். நிர்வாகிகளிடம் மூலப்பொருள் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கடனுக்குச் சரக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் வற்புறுத்தவில்லை. மூன்றில் ஒரு பங்கை எதை வைத்துக் கணக்கிடுவார்கள் ஐயா? பூட்டிய ஷெட்டுகளைக் கழித்துவிட்டு எண்ணலாமா? விசாரணையில் இந்தத் தேர்தலைப் பதிவாளரே ரத்து செய்துவிடுவாரா?

பழைய பதிவறை:

கழித்து எண்ணாதீர்கள் அம்மா. யார் உறுப்பினர், யார் இல்லை என்பதே விசாரணைக்குரிய விஷயம். இப்போதைக்குத் தாக்கல் செய்யப்பட்ட பட்டியல்தான் அளவு. 118க்கு 40 கையெழுத்து வேண்டும். இன்னும் ஒன்பது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் நேரே நிறுவனத்தின் பெயர், பட்டியலில் உள்ள வரிசை எண், முத்திரை மூன்றும் இருக்கட்டும். வரிசை எண் இல்லாவிட்டால் சரிபார்க்கிற எழுத்தர் திருப்பி அனுப்ப இடம் கிடைத்துவிடும். ஒன்பது பேர் சேரத் தாமதமானால் 31 பேரோடு ஆட்சியர் மனுவைக் கொடுத்துவிடுங்கள், அந்த வழிக்கு எண்ணிக்கை தேவையில்லை.

தேர்தலை ரத்து செய்வது பற்றி உங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பதிவாளர் ஆவணங்களை வரவழைப்பார், ஆட்களை அழைத்து விசாரிப்பார், கணக்கைப் பார்ப்பார். ஆனால் எந்தத் தேர்தல் செல்லும், எது செல்லாது என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. படிவம் 7ஐக் கோப்பில் ஏற்பதற்குப் போதுமான அளவுக்குத்தான் அவர் ஆராயலாம், தகராறு முற்றினால் உரிமையியல் நீதிமன்றம்தான் என்று 2005இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அதனால் புதிய நிர்வாகிகளுக்கான படிவம் 7 ஏற்கப்பட்டுவிட்டதா என்று முதலில் விசாரியுங்கள். ஏற்கப்படவில்லை என்றால், உங்களை விசாரிக்காமல் ஏற்க வேண்டாம் என்று ஆட்சேபக் கடிதத்தை உடனே கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

நீதிமன்றம் போக நேர்ந்தால், இன்னாரை நீக்குங்கள் என்று கேட்பதைவிட, திருத்திய வாக்காளர் பட்டியலின்படி வெளியாள் ஒருவரைத் தேர்தல் அலுவலராக நியமித்துத் தேர்தல் நடத்த உத்தரவிடுங்கள் என்று கேளுங்கள். வழக்கறிஞரையோ ஓய்வுபெற்ற நீதிபதியையோ அப்படி நியமிப்பது வழக்கத்தில் உள்ளதுதான். தலைவரும் அதில் நிற்கட்டும். ஜெயித்தால் ஜெயிக்கட்டும்.

டிசம்பர் 3 விஷயத்தை அவசரப்பட்டு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நீங்கள் படம் எடுத்த செல்பேசியை மாற்றிவிடாமல் அப்படியே வையுங்கள். நீதிமன்றத்தில் அந்தப் படத்தைக் காட்டுவதற்குப் இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்று இணைக்க வேண்டியிருக்கும், உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். வெள்ளச் சேதத்துக்குக் காப்பீடு கோரியிருந்தால், காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்து பார்த்து எழுதிய அறிக்கையில் தண்ணீர் நின்ற தேதியும் உயரமும் இருக்கும். அவருக்கு உங்கள் சங்கத்தில் நண்பரும் இல்லை, பகைவரும் இல்லை. உங்கள் படத்தைவிட அந்த அறிக்கைக்கு எடை அதிகம், அதன் நகலை முதலில் வாங்குங்கள்.

போலிக் கையெழுத்து தனிக் குற்றம், அதற்குக் காவல் துறையில் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்த வருகைப் பட்டியலில் உள்ள மற்ற 60 பேரில் எத்தனை பேர் "நானும் போகவில்லை" என்று எழுதித் தருவார்கள் என்று முன்னதாகக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தேவைப்படும் அந்த ஒன்பது கையெழுத்தும் அவர்களிடமிருந்தே கிடைக்கக்கூடும்.